கரண்ட் போனால் என்னென்ன நிற்கும்? மழைக்காலத்துக்கான வீட்டுப் பெட்டி

அவசரகாலப் பெட்டியில் என்ன வைக்கலாம் என்று தேடினால் நீள நீளமான பட்டியல்கள் வந்து விழும். கூடாரம், திசைகாட்டி, மீன் தூண்டில் வரைக்கும் அவற்றில் இருக்கும். வெள்ளமோ புயலோ கண்ட முடிச்சூரிலோ வேதாரண்யத்திலோ ஏரலிலோ குடியிருப்பவருக்கு அதில் பாதி தேவைப்படாது. கண்டிப்பாகத் தேவைப்படும் சில பொருள்கள் அவற்றில் இருக்கவும் இருக்காது.

அதனால் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கேள்வியிலிருந்து தொடங்கலாம். மூன்று நாள் கரண்ட் இல்லை, வாசலைத் தாண்டவும் முடியவில்லை என்றால் உங்கள் வீட்டில் என்னென்ன நிற்கும்?

முதலில் லைட்டும் ஃபேனும். அது எல்லோருக்கும் தோன்றும். அப்புறம் மோட்டார் ஓடாது, மேல்தொட்டியில் இருப்பது தீர்ந்தால் குழாயில் தண்ணீர் வராது. வாட்டர் ப்யூரிஃபையர் நிற்கும். இண்டக்‌ஷன் அடுப்பு நிற்கும், மிக்ஸி நிற்கும். அடுக்குமாடியில் லிஃப்ட் நிற்கும். பக்கத்து செல்போன் டவரில் டீசல் தீர்ந்தால் போனில் சிக்னல் போகும், சிக்னல் போனால் யுபிஐ போகும், யுபிஐ போனால் கையில் காசு இல்லை. வீட்டில் யாராவது நெபுலைசர் வைத்திருந்தாலோ ஃபிரிட்ஜில் இன்சுலின் வைத்திருந்தாலோ அதுவும் இந்த வரிசையில் சேரும். இப்படி நிற்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று. பெட்டி என்பது அவ்வளவுதான்.

யோசித்து எழுதினால் ஏதாவது விட்டுப்போகும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இன்வெர்ட்டரையும் நிறுத்திவிட்டு, ராத்திரி பத்து மணி வரை அப்படியே இருந்து பாருங்கள். டார்ச் எங்கே என்று தேடும்போது, கேஸ் லைட்டர் பழுதாகி தீப்பெட்டியும் இல்லை என்று தெரியும்போது, பாட்டி பாத்ரூம் போக எழும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். அந்த நாலு மணி நேரத்தில் எழுதும் குறிப்பு, எந்தப் பட்டியலையும்விட உங்கள் வீட்டுக்குச் சரியாக இருக்கும்.

ஏன் மூன்று நாள் என்றால், நம் ஊரில் நடந்தவை அதைத்தான் சொல்கின்றன. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. அடையாறு கரை மீறியதும் கரண்டும் போன் இணைப்பும் சேர்ந்தே போயின. அடுத்த ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல். சென்னை முழுக்க மரங்கள் விழுந்து கம்பிகள் அறுந்தன. அதற்குச் சுமார் ஒரு மாதம் முன்புதான் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். கையில் புழங்க நோட்டு இல்லாத நேரத்தில் கார்டு இயந்திரமும் ஏடிஎம்மும் நின்றுபோயின. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறிய பிறகு நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைக் கிராமங்கள் பலவற்றில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னையில் பால் பாக்கெட்டுக்கு அலைந்தோம். அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டித் தாமிரபரணிக் கரையோர ஊர்கள் துண்டிக்கப்பட்டன. 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியும் விழுப்புரமும் மூழ்கின. ஒவ்வொரு தடவையும் கிடைக்காமல் போனது வேறு வேறு பொருள். எல்லாத் தடவையும் முதலில் போனது கரண்ட்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும்

ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, வாய் கொப்பளிக்க என்று 4 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு மூன்று நாள் என்றால் 48 லிட்டர். அதாவது 20 லிட்டர் கேன் இரண்டும் பாதியும், மூன்றாக வைத்தால் நிம்மதி. கேன் போடும் தம்பி தண்ணீருக்குள் வண்டி ஓட்டி வர முடியாது என்பதால், ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வீட்டில் ஒரு கேன் கூடுதலாகவே இருக்கட்டும். வெயில் படாத இடத்தில், மண்ணெண்ணெய், பினாயில் பக்கத்தில் இல்லாமல் வைத்து, பழையதை முதலில் எடுத்துப் புதியதைப் பின்னால் வைத்தால் எதுவும் வீணாகாது.

கழுவவும் கக்கூஸுக்கும் தனி. சிவப்பு எச்சரிக்கை, அதாவது 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யும் என்ற அறிவிப்பு வந்த உடனே, கரண்ட் இருக்கும்போதே மேல்தொட்டியை நிரப்பிவிட்டு, வீட்டிலுள்ள குடம், அண்டா, வாளி எல்லாவற்றிலும் பிடித்து வையுங்கள். இதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

இப்போது பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். தெருவில் நிற்கும் வெள்ளத்தில் சாக்கடை கலந்திருக்கும். அது தரையோடு இருக்கும் கீழ்த்தொட்டிக்குள், மூடி சரியில்லாவிட்டால் இறங்கிவிடும். மழை நின்று கரண்ட் வந்ததும் சந்தோஷத்தில் மோட்டாரைப் போட்டால், கீழே இருக்கும் கெட்ட தண்ணீர் மேல்தொட்டிக்கு ஏறி, அங்கே மிச்சமிருந்த நல்ல தண்ணீரையும் கெடுத்துவிடும். வீட்டைச் சுற்றி வெள்ளம் நின்றிருந்தால், கீழ்த்தொட்டியைத் திறந்து பார்த்து, சந்தேகம் இருந்தால் இறைத்துக் கழுவி, ப்ளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் செய்த பிறகுதான் மோட்டார். அதுவரைக்கும் மோட்டார் சுவிட்சில் ஒரு டேப் ஒட்டி வையுங்கள். வீட்டில் யாராவது பழக்கத்தில் தட்டிவிடுவார்கள்.

பெட்டிக்குள் போக வேண்டியது குளோரின் மாத்திரை. மருந்துக் கடையில் கிடைக்கும். வெள்ள நேரத்தில் சுகாதாரப் பணியாளர்களும் கொடுப்பார்கள். ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்பது அட்டையில் இருக்கும். ஒரு லிட்டருக்கானதும் உண்டு, 20 லிட்டருக்கானதும் உண்டு, படிக்காமல் போடக் கூடாது. கலங்கல் தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது. முதலில் சுத்தமான வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி, தெளியவிட்டு, அப்புறம் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கேஸ் இருந்தால் கொதிக்க வைப்பது இன்னும் நல்லது. நன்றாகத் தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் தாண்டினால் போதும். சூடு ஆறியதும் மூடி வையுங்கள், கையை விட்டு மொண்டு எடுக்காதீர்கள்.

வெளிச்சம், போன்

டார்ச் ஒன்று வாங்குவதா இரண்டா என்று கேட்டால், செல் போடும் எல்இடி டார்ச் ஒன்றும், தலையில் மாட்டும் ஹெட்லைட் ஒன்றும் வாங்குங்கள் என்பேன். ஹெட்லைட் ஏதோ மலையேறுபவர்கள் மாட்டுவது என்று நினைக்க வேண்டாம். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு கையில் குழந்தையையும் இன்னொரு கையில் பையையும் பிடித்திருப்பவருக்கு டார்ச் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. இரண்டும் ஒரே அளவு செல்லில் ஓடுவதாகப் பார்த்து வாங்கினால் ஒரே பாக்கெட் செல் இரண்டுக்கும் ஆகும். பென்டார்ச்சில் போடும் சின்ன செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பதால் அதுவே நல்லது.

சார்ஜ் போடும் டார்ச் தினசரி உபயோகத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் பெட்டியில் எட்டு மாதம் தூங்கிய பிறகு எடுத்தால் பெரும்பாலும் எரியாது, சும்மா கிடந்தாலும் சார்ஜ் இறங்கிக்கொண்டே இருக்கும். செல் போடுவதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. செல்லை டார்ச்சுக்கு உள்ளேயே விட்டுவைக்கக் கூடாது. மாதக்கணக்கில் கிடந்தால் செல்லின் முனையில் வெள்ளையாகப் பூத்துக் கசிந்து, ஸ்பிரிங்கை அரித்துவிடும். அப்புறம் புது செல் போட்டாலும் எரியாது. செல்லைக் கழற்றி, உறை பிரிக்காத பாக்கெட்டாகவே டார்ச்சோடு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். ஏற்கெனவே பூத்துப்போன டார்ச் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியால் ஸ்பிரிங்கைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போட்டுப் பாருங்கள், பல சமயம் பிழைத்துக்கொள்ளும். துடைக்கும்போது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெழுகுவத்தி எனக்குப் பிடிக்கவில்லை. காற்று அடிக்கும், திரைச்சீலை ஆடும், குழந்தைகள் ஓடும், வெள்ளத்தில் சிலிண்டர் சாய்ந்து கேஸ் கசிந்திருக்கவும் கூடும். தீப்பெட்டி மட்டும் இரண்டு, மரை மூடியுள்ள டப்பாவில் நமுத்துப் போகாமல் இருக்கட்டும், அடுப்புக்கு.

பவர் பேங்க் வாங்கும்போது பெரிய எழுத்தில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். 10,000 எம்ஏஎச் என்று போட்டிருக்கும், நம் போன் பேட்டரி 5,000, ஆகவே இரண்டு தடவை முழுதாக ஏறும் என்று கணக்குப் போடுவோம். பவர் பேங்குக்கு உள்ளே இருக்கும் பேட்டரி 3.7 வோல்ட், போனுக்குப் போவது 5 வோல்ட். அப்படி உயர்த்தும்போது எண் குறையும், சூடாகவும் கொஞ்சம் போகும். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று ஒரு எண் இருக்கும், பெரும்பாலும் 6,000 சொச்சம். அதுதான் உங்களுக்குக் கிடைப்பது. போன் ஒரு தடவை முழுதாக ஏறும், அதற்கு மேல் கொஞ்சம். இரண்டு போன் உள்ள வீட்டுக்கு 20,000 எம்ஏஎச் வாங்குவது சரி. மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை முழுதாகச் சார்ஜ் போட்டு வையுங்கள், கேபிளையும் அதோடு சுற்றியே வையுங்கள்.

மூன்று நாளும் போனை உயிரோடு வைக்க, டேட்டாவை அணைத்து, திரை வெளிச்சத்தைக் குறைத்து, சிக்னல் இல்லாத நேரத்தில் ஏரோபிளேன் மோடில் போட வேண்டும். சிக்னல் தேடித் தேடியே போன் சார்ஜைத் தின்றுவிடும். மணிக்கு ஒரு தடவை திறந்து, அழைப்பு போகாவிட்டாலும் எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள், அழைப்பு கிடைக்காத இடத்திலும் குறுஞ்செய்தி சில சமயம் போய்ச்சேரும்.

அப்புறம் ஒரு சின்ன எஃப்எம் ரேடியோ. இன்றைக்கு யார் ரேடியோ கேட்கிறார்கள் என்று தோன்றலாம். டவர் படுத்துவிட்டால் எந்த ஏரியைத் திறந்திருக்கிறார்கள், புயல் எங்கே நிற்கிறது என்று சொல்ல அதைவிட்டால் ஆள் கிடையாது. சென்னையில் எஃப்எம் ரெயின்போ 101.4. பழைய பட்டன் போன் வீட்டில் கிடந்தால் அதில் எஃப்எம் இருக்கிறதா பாருங்கள். சார்ஜும் நாள்கணக்கில் நிற்கும். அதற்கு வயர் உள்ள இயர்போன்தான் ஆன்டெனா, ஆகவே அதையும் சேர்த்து வைக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் இதெல்லாம் எதற்கு? தரைத்தளத்தில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தரையோடு இருக்கின்றன, முழங்கால் அளவுத் தண்ணீர் வந்தாலே போயிற்று. மாடியில் இருந்தாலும் இரண்டு ஃபேன், நாலு லைட் ஓடவிட்டால் ஒரு ராத்திரியில் தீரும். அதை முதல் நாள் வசதியாக மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

இதில் நமக்குக் கவலை குறைவு. அவல் ஒரு கிலோ இருந்தால் அடுப்பே வேண்டாம். பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறினால் வெல்லம் போட்டுச் சாப்பிடலாம், ஊறுகாய் வைத்தும் சாப்பிடலாம். பொட்டுக்கடலை, பொரி, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், ரஸ்க், சத்துமாவு, பால் பவுடர். எல்லாம் தினமும் சாப்பிடுகிற சாமான்தான். பெட்டிக்கென்று விசேஷமாக வாங்கிவைத்து, பிடிக்காமல் கெட்டுப்போகவிடுவதைவிட, மாதச் சாமானில் கால் பங்கு கூட வாங்கிச் சுழற்சியில் வைப்பது புத்திசாலித்தனம். அரிசி, பருப்புக்குக் குறைவில்லாத வீட்டில் கேஸ் மட்டும் தீராமல் இருந்தால் சரி. மழை மாதங்களில் மாற்று சிலிண்டர் காலியாகக் கிடக்கக் கூடாது. தண்ணீர் உள்ளே வரும் என்று தெரிந்தால் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, மூடி போட்டு, சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டிவிடுங்கள், காலி சிலிண்டர் மிதந்து போய் எதையாவது உடைக்கும்.

கைக்குழந்தை இருந்தால் கணக்கே வேறு. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பால் பவுடர், அதைக் கலக்கக் காய்ச்சிய தண்ணீர், புட்டியை வெந்நீரில் கழுவக் கேஸ், மூன்றும் சேர்ந்தால்தான் பயன். அதனால் அந்த வீட்டில் தண்ணீர் அளவை இன்னும் ஒரு கேன் கூட்டுங்கள். தாய்ப்பால் கொடுக்கும் அம்மாவுக்கு மற்றவர்களைவிட அதிகம் தண்ணீரும் சாப்பாடும் வேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள்.

மருந்து, காசு, காகிதம்

தினசரி மாத்திரை எதுவானாலும், பிரஷர், சர்க்கரை, தைராய்டு, வலிப்பு, ஒரு வாரத்துக்கு உள்ளது பெட்டியில் எப்போதும் இருக்கட்டும். மருந்துச் சீட்டின் நகல் ஒன்றும் வேண்டும். முகாமிலோ வேறு ஊரிலோ இருக்கும் மருத்துவருக்கு, “வெள்ளையா, உருண்டையா ஒரு மாத்திரை” என்று சொன்னால் ஒன்றும் புரியாது. இன்சுலின் போடுபவர்கள் உங்கள் மருந்து வெளியில் எத்தனை நாள் தாங்கும் என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். உபயோகத்தில் இருக்கும் பல வகைகள் அறை வெப்பத்தில் நாலு வாரம் வரை தாங்கும், கடும் சூடுதான் ஆகாது. ஃபிரிட்ஜ் இல்லாத நேரத்தில், தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் நனையாமல் டப்பாவில் வைக்கும் வழக்கம் நம் கிராமங்களில் நெடுநாளாக உண்டு.

மற்றபடி பாராசிட்டமால், பொவிடோன் அயோடின் களிம்பு, பஞ்சு, கட்டுத்துணி, பிளாஸ்திரி, கத்தரிக்கோல், கையுறை. வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் குறைந்தது ஆறு. வாங்கும்போது உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அட்டையில் இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். வண்ண டப்பாக்களில் ஓஆர்எஸ் மாதிரி அடுக்கி வைத்திருக்கும் பானங்களில் சர்க்கரை அதிகம், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு அது கெடுதல் செய்யும். பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, முழுவதையும் ஒரே தடவையில் கலக்க வேண்டும். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கலந்தது ஒரு நாளுக்கு மேல் ஆகாது.

நாப்கின் இரண்டு பாக்கெட், படுக்கையில் இருப்பவர் உண்டென்றால் டயபர், கொசுவத்தியோ கொசுவிரட்டிக் களிம்போ, மாற்றுக் கண்ணாடி. இந்த நாலையும் எழுதாத பட்டியல்தான் அதிகம்.

காசு: பத்து, இருபது, ஐம்பது, நூறாக மொத்தம் இரண்டாயிரம், மூவாயிரம். ஐந்நூறு ரூபாய் நோட்டாக வைத்தால் பால் பாக்கெட்டுக்குச் சில்லறை கிடைக்காது.

காகிதங்களில் ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், வீட்டுப் பத்திரம், பட்டா, சாதிச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ். 2015 வெள்ளத்தில் இவற்றை இழந்தவர்கள் ஏராளம். அரசு சிறப்பு முகாம் நடத்தி இலவசமாக மாற்று ஆவணம் கொடுக்க வேண்டியிருந்தது. அசலை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைகள் இரண்டில், ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு ஒரே கோப்பாக வையுங்கள். படமெடுத்து அரசின் டிஜிலாக்கர் செயலியிலோ மின்னஞ்சலிலோ ஏற்றுங்கள், வெளியூரில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கும் அனுப்புங்கள். முக்கியமான பத்து போன் நம்பரைக் காகிதத்தில் எழுதி உள்ளே போடுங்கள். போன் அணைந்துவிட்டால் சொந்தத் தம்பி நம்பர்கூட நமக்கு மனப்பாடமாகத் தெரியாது.

கருவிகள்

பல வேலை செய்யும் மடக்குக் கத்தி அழகாக இருக்கும், ஆனால் உண்மையில் வேலை கொடுப்பவை எளிய சாமான்கள். ஒரு கட்டிங் பிளேயர், ஒரு டெஸ்டர், நட்டு திருகும் அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஒன்று, இன்சுலேஷன் டேப், காய்கறி நறுக்கும் அளவில் உறையோடு ஒரு கத்தி. ஸ்பேனர் எதற்கென்றால், தண்ணீர்க் குழாய் உடைந்தால் கேட் வால்வை மூட. கை பிடித்துத் திருகி மூட முடியாதபடி அது துருப்பிடித்திருக்கும். மழைக்கு முன்னாலேயே ஒரு தடவை திறந்து மூடிப் பாருங்கள், எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். டெஸ்டரை ஒரு பாதுகாப்புக் கருவியாக நம்பி ஈரச் சுவரில் வைத்துப் பார்க்கக் கூடாது. சுவிட்ச் போர்டுவரை தண்ணீர் ஏறிய வீட்டில், நிற்கும் தண்ணீரில் கால் வைத்துக்கொண்டு மெயினைத் தொடுவதே ஆபத்து. தண்ணீர் வாசலைத் தொடும்போதே, காய்ந்த தரையில் நின்று, மெயினை அணைத்துவிடுங்கள். எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்ன பிறகுதான் திரும்பப் போட வேண்டும்.

நைலான் கயிறு, சுண்டுவிரல் கனத்தில், 20 மீட்டர். இதற்கு மாற்றே கிடையாது. சிலிண்டரைக் கட்ட, மாடியிலிருந்து வாளியை இறக்கிப் பால் பாக்கெட் வாங்க, ஓடும் தண்ணீரைக் கடக்கும்போது பிடித்துக்கொள்ள, எல்லாவற்றுக்கும் அது. தார்ப்பாய் ஒன்று, ஓரத்தில் கண் வைத்தது, 12க்கு 15 அடி. கஜாவில் ஓட்டுக்கூரையும் கீற்றும் பறந்த வீடுகளில் எல்லோரும் முதலில் கேட்டது தார்ப்பாய்தான். ஓட்டு வீடோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ என்றால் அதைத் தட்டாமல் வாங்கிவிடுங்கள். கான்கிரீட் வீட்டுக்காரர்கள் தள்ளிப் போடலாம்.

விசில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பிறகும் விசில் ஊதலாம், மழைச் சத்தத்திலும் படகில் வருபவர் காதில் விழும். மூன்று மூன்றாக ஊதுங்கள். குழந்தைகள் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒன்று இருக்கட்டும்.

முழங்கால் உயர கம்பூட், அதாவது ரப்பர் பூட்ஸ், வீட்டுக்கு ஒரு ஜோடியாவது வேண்டும். வெள்ளத் தண்ணீரில் உடைந்த கண்ணாடி கிடக்கும், மூடி போன பாதாளச் சாக்கடைக் குழி இருக்கும், எலிச் சிறுநீர் கலந்து எலிக்காய்ச்சல் வரவும் வாய்ப்பு உண்டு. காலில் புண் இருப்பவர், சர்க்கரை உள்ளவர் வெறுங்காலோடு இறங்கவே கூடாது. கூடவே ஒரு நீளக் கம்பு. அடி வைக்கும் முன் தரையைத் தட்டிப் பார்க்க. பாம்பும் தண்ணீருக்குப் பயந்து வீட்டுக்குள்தான் வரும். தண்ணீர் வடிந்து வீடு திரும்பும்போது, பீரோ இடுக்கு, மடித்த பாய், ஷூ எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். கடித்துவிட்டால் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

கக்கூஸைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சென்னையின் தாழ்வான இடங்களில், வாசல் வழியாகத் தண்ணீர் வருவதற்கு முன்பே கக்கூஸ் கோப்பை வழியாகச் சாக்கடை மேலே வரும். சிமெண்டுச் சாக்கில் பாதி அளவு ஈர மணல் நிரப்பி, வாயைக் கட்டி, கோப்பைக்குள் அழுத்தி வைத்தால் தடுத்து நிற்கும். பாத்ரூம் தரை வடிகாலுக்கு இன்னும் ஒன்று. மழைக்கு முன் இரண்டு சாக்கு மணலை மாடிப்படிக்கு அடியில் வைத்துவிடலாம். கக்கூஸ் அடைபட்ட பிறகு என்ன செய்வது? மூடி உள்ள ஒரு வாளி, கனமான கறுப்புக் குப்பைப் பைகள், ஒரு பாக்கெட் மரத்தூளோ சாம்பலோ. வயதானவரும் பெண்களும் தண்ணீர் குடிக்காமலேயே நாளைக் கடத்துவது இந்த ஒரு வசதி இல்லாததால்தான். முன்னேற்பாட்டில் இதை நான் வெளிச்சத்துக்குச் சமமாகவே வைப்பேன்.

ப்ளீச்சிங் பவுடர் ஒரு கிலோ, காற்றுப் புகாத டப்பாவில், வீடு கழுவ. அதை ஆசிட்டோடும் கக்கூஸ் கழுவும் திரவத்தோடும் கலக்கவே கூடாது. வரும் வாயு மூச்சை அடைக்கும்.

பெட்டியும் பையும்

இவ்வளவையும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அதனால் இரண்டாகப் பிரிக்க வேண்டும். வீட்டிலேயே இருந்து சமாளிக்க ஒரு பெட்டி, மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா போதும். படகு வந்து “ஏறுங்க” என்றால் இரண்டு நிமிடத்தில் எடுத்துக்கொண்டு கிளம்ப ஒரு பை. பைக்குப் பிள்ளைகளின் பழைய ஸ்கூல் பை நல்லது, தோளில் மாட்டினால் இரண்டு கையும் விடுபடும். உள்ளே ஒரு கனமான பாலித்தீன் பையை உறை மாதிரி விரித்து, அதற்குள் காகிதக் கோப்பு, மாத்திரை, காசு, பவர் பேங்க், ஹெட்லைட், ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி, ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், பிஸ்கட், விசில். வீட்டிலேயே மெலிந்தவர் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற முடிகிற கனம்தான் எல்லை. தூக்கிப் பார்த்து, மூச்சு வாங்கினால் எதையாவது வெளியே எடுங்கள்.

இரண்டையும் பரணில் வைக்காதீர்கள், இருட்டில் ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருக்கும். கட்டிலுக்கடியிலும் வேண்டாம், முதலில் நனைவது அதுதான். வாசலுக்குப் பக்கத்தில், இடுப்புக்கு மேல், கண்ணுக்குக் கீழ் ஓர் அலமாரித் தட்டு போதும். வீட்டில் எல்லோருக்கும், வேலைக்கு வரும் அக்காவுக்கும் சேர்த்து, இடம் தெரிந்திருக்க வேண்டும்.

பார்த்துச் சரிசெய்ய ஒரு நாள் குறிக்க வேண்டும் என்றால் ஆயுத பூஜை வசதி. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20 வாக்கில், பூஜை அதையொட்டிப் பெரும்பாலும் முன்னால் வரும், அன்றைக்கு வீட்டில் இருக்கும் கருவிகளை எப்படியும் துடைத்து வைக்கிறோம். பிளேயருக்குப் பொட்டு வைக்கும்போதே செல், மாத்திரைத் தேதி, பவர் பேங்க் எல்லாம் பார்த்துவிடலாம். சித்திரை முதல் நாள் இன்னொரு தடவை பார்த்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க முடியாவிட்டால் தண்ணீர் கேன், டார்ச், மாத்திரை, காகிதக் கோப்பு இந்த நாலும் முதல் மாதம். கயிறும் விசிலும் ஓஆர்எஸ்ஸும் அடுத்த மாதம். பவர் பேங்கும் பூட்ஸும் அப்புறம்.

கதவின் உள்பக்கம் நம்பர்களைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: 112 எல்லா அவசரத்துக்கும், 108 ஆம்புலன்ஸ், 101 தீயணைப்பு, 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, கேஸ் கசிவுக்கு 1906, அறுந்த கம்பிக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. சென்னையில் மாநகராட்சி 1913.

சில சாமானைத் தெருவுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டால் போதும். நீள ஏணி, மரக்கிளை வெட்ட ரம்பம், தண்ணீர் இறைக்கும் இஞ்சின், டயர் ட்யூப். வர்தாவுக்கு மறுநாள் மாநகராட்சி ஆள் வரும்வரை காத்திராமல் பல தெருக்களில் வழியைத் திறந்தது அங்கே இருந்த நாலு பேரும் அவர்களிடம் இருந்த அரிவாளும்தான். எந்த வீட்டில் எது இருக்கிறது, யார் நர்ஸ், யாருக்கு நீச்சல் தெரியும், தரைத்தளத்தில் தனியாக இருக்கும் பெரியவர் யார் என்று அடுக்குமாடி வாட்ஸ்ஆப் குழுவில் ஐப்பசிக்கு முன்னால் ஒரு தடவை கேட்டு எழுதி, அதை அச்செடுத்து மாடிப்படியில் ஒட்டிவிடுங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்த அன்றைக்குச் சாயங்காலமே அந்தப் பெரியவரையும் அவர் மாத்திரைப் பையையும் மேல்தளத்தில் ஒரு வீட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். யார் வீடு என்பதையும் இப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.